கிணற்றின் எல்லை கட்டோடு முடிவதில்லை



எருவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மாட்டெரு, ஆட்டெரு, கோழி எரு, வெட்டித் தாழ்க்கிற குழை, அறுவடை முடிந்து தோட்டத்தில் கிடக்கிற தண்டும் சருகும் எல்லாம் மண்ணுக்குத் திரும்பிப் போகவேண்டியவை. இந்த அவையில் இதற்கு மாற்றுக் கருத்து இராது. யாழ்ப்பாணத்துச் செம்மண் இத்தனை தலைமுறையாக வெங்காயம், மிளகாய், புகையிலை, மரக்கறி என்று ஓயாமல் விளைந்து கொடுத்திருப்பதில் எருவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே எருவுக்கு எதிராக நான் எதுவும் சொல்லப் போவதில்லை. போட்ட எருவில் பயிர் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவது எங்கே போகிறது என்று மட்டும் கேட்கப் போகிறேன்.

கொஞ்சம் மண்ணில் தங்கும். கொஞ்சம் காற்றோடு போகும். மிச்சம் கிணற்றுக்குப் போகும்.

2021ஆம் ஆண்டு மே மாதம் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. நவம்பரில் அந்தத் தடையை நீக்கியது. அந்த மாதங்களில் விவசாயி பட்ட பாட்டை இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்போது நடந்த விவாதத்தை மட்டும் நினைவுபடுத்துகிறேன். சேதனப் பசளையா, இரசாயனப் பசளையா என்று இரு பக்கமாகப் பிரிந்து நின்று பேசினோம். ஒன்று நஞ்சு, மற்றது அமுதம் என்றுகூடச் சொல்லப்பட்டது. எவ்வளவு போடுவது, எந்த மாதத்தில் போடுவது, கீழே என்ன பாறை இருக்கிறது என்ற கேள்விகள் அந்தச் சத்தத்தில் அமுங்கிவிட்டன. தண்ணீரைப் பொறுத்தவரை அந்தக் கேள்விகள்தாம் முக்கியமானவை. எருவென்றால் அள்ளி அள்ளிப் போடலாம், அதனால் தீங்கு வராது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அது தவறான நம்பிக்கை. இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்.

முதலில் நாம் நிற்கிற நிலத்தைப் பார்ப்போம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. ஆண்டுக்குச் சராசரி 1,250 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது; அதில் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரையான மாரியில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்த மூன்று மாதத்தில் நிலத்துக்குள் இறங்குவதை நம்பித்தான் மற்ற ஒன்பது மாதமும் குடிக்கிறோம், குளிக்கிறோம், தோட்டத்துக்கு இறைக்கிறோம். அந்தத் தண்ணீரைத் தாங்கி வைத்திருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். மழைநீர் சுண்ணக்கல்லைக் கரைக்கும். கரைத்துக் கரைத்து அதில் வெடிப்பும் பொந்தும் குகையும் உண்டாக்கியிருக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதும், கீரிமலையில் கடலுக்கு அருகிலேயே நன்னீர் ஊற்றெடுப்பதும் இந்தப் பொந்துகளின் வேலைதான். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று எங்கே போனாலும் நன்னீர் ஒரு மெல்லிய வில்லையாகக் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது.

மணல் நிலத்திலோ களிமண் நிலத்திலோ மேலிருந்து இறங்கும் தண்ணீர் மெல்ல மெல்ல வடிந்து, வழியில் ஓரளவு சுத்தமாகும். இங்கே அதற்கு வழியில்லை. செம்மண் பல இடங்களில் ஆழம் குறைந்தது, தண்ணீரை வேகமாக உள்ளே விடுவது. அதைத் தாண்டினால் சுண்ணக்கல், பழைய ஓலைக்கூரை ஒழுகுவது போல ஒழுகும். தோட்டத்தின் மேல் எதைப் போட்டாலும், அது தண்ணீரில் கரையக்கூடியதாக இருந்தால், அடுத்த மாரியில் கீழே இறங்கிவிடும்.

எருவில் கரையக்கூடியது எது? நைதரசன். அது போகும் பாதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

எரு மண்ணில் சேர்ந்ததும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கத் தொடங்கும். அதிலுள்ள நைதரசன் முதலில் அமோனியமாக வெளிவரும். அமோனியம் நேரேற்றம் கொண்டது. களித் துணிக்கைகளின் மேற்பரப்பு எதிரேற்றம் கொண்டது. ஆகவே மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் நம்முடைய வெப்பத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் விரைவாக அந்த அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றிவிடும். நைத்திரேற்றும் எதிரேற்றம் கொண்டது. மண் அதைப் பிடிக்காது. தண்ணீர் போகிற இடமெல்லாம் அதுவும் போகும். பக்கத்தில் பயிரின் வேர் இருந்தால் வேர் உறிஞ்சிக்கொள்ளும். வேர் இல்லாத நேரத்தில் மழை வந்தால் நேரே கீழே போகும். அது யூரியாவிலிருந்து வந்ததா, ஆட்டுப் புழுக்கையிலிருந்து வந்ததா என்று வேருக்கும் தெரியாது, கிணற்றுக்கும் தெரியாது.

எருவுக்கும் யூரியாவுக்கும் உள்ள வேறுபாடு வேகத்தில்தான் இருக்கிறது. நன்கு மக்கிய மாட்டெருவில் உள்ள நைதரசனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் முதல் போகத்துப் பயிருக்குக் கிடைக்கும். மற்றது மெல்ல மெல்ல, அடுத்தடுத்த போகங்களில் வெளிவரும். மண்ணுக்கு இது பெரிய நன்மை. தண்ணீருக்கு இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பயிர் எடுத்து முடிந்து நிலம் சும்மா கிடக்கும்போதும் எரு நைதரசனை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். கோடை முழுவதும் காய்ந்து கிடந்த மண்ணில் மாரியின் முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் ஒரேயடியாக விழித்துக்கொண்டு வேலை செய்யும். அந்த நாட்களில் மண்ணில் நைத்திரேற்று திடீரென்று பெருகும். அதே நாட்களில்தான் பெருமழையும் வரும். வெற்று நிலம், நிறைந்த நைத்திரேற்று, கொட்டுகிற மழை மூன்றும் ஒன்றாகக் கூடுகிற காலம் நமக்கு ஒக்டோபரும் நவம்பரும்.

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இந்த எல்லைக்குப் பின்னால் குழந்தைகளின் கதை இருக்கிறது. 1945இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து மருத்துவர் ஹன்ரர் கொம்லி, நாட்டுப்புறத்துக் கைக்குழந்தைகள் உடல் நீலம் பாரித்து மருத்துவமனைக்கு வருவதற்கும் அவர்களுடைய பால்மாவைக் கரைக்கப் பயன்பட்ட கிணற்று நீருக்கும் உள்ள தொடர்பைக் கண்டு எழுதினார். நைத்திரேற்று உடலில் நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கிற ஆற்றலைக் கெடுத்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே இதில் அதிக ஆபத்து. ஒரு விடயத்தைத் தாய்மார்கள் மனதில் வைத்திருக்கவேண்டும்: கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையிலும் தெரியாது. சோதித்துப் பார்த்தால் ஒழிய அது இருப்பது தெரியவராது.

யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் இந்த எல்லை மீறப்பட்டிருப்பதை 1980களிலிருந்து வெளிவந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. செறிவாகத் தோட்டம் செய்கிற இடங்களில் நிலைமை மோசம் என்பதும் அவற்றில் தெளிவாகவே இருக்கிறது. பழி முழுவதும் எருவுக்கல்ல. யூரியாவுக்குப் பங்குண்டு. கிணற்றுக்கு அருகே வெட்டிய மலக்குழிகளுக்கும் பங்குண்டு. மூன்றும் சேர்ந்து ஒரே தண்ணீரில் கலக்கும்போது, எருவின் பங்கை மட்டும் கணக்கில் எடுக்காமல் விடுவது எந்த வகையிலும் பொருந்தாது.

கணக்கு என்றேன். ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். பயிர் எடுத்தது போக அந்தக் காணியில் ஒரே ஒரு கிலோ நைதரசன் மிஞ்சி, அது முழுவதும் நைத்திரேற்றாகிக் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ நைதரசன் ஏறத்தாழ 4.4 கிலோ நைத்திரேற்று ஆகும். அதை லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லைக்குள் கொண்டுவர 88,000 லீற்றருக்கு மேல் சுத்தமான தண்ணீர் வேண்டும். அந்தப் பரப்பில் விழும் ஆண்டு மழையில் நான்கில் ஒரு பங்கு நிலத்தடியில் சேர்கிறது என்று ஒரு பேச்சுக்கு எடுத்தால், கிடைப்பது 79,000 லீற்றர். அதாவது ஒரு பரப்பில் மிஞ்சுகிற ஒரு கிலோ நைதரசன், அந்தப் பரப்புக்குக் கிடைக்கிற ஓராண்டு நன்னீர் முழுவதையும் குடிக்கத் தகாததாக்கப் போதுமானது.

ஒரு கிலோ நைதரசன் என்றால் எவ்வளவு? யூரியாவில் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். உலர்ந்த கோழி எருவில் 33 கிலோ, ஒரு மூட்டைகூட இல்லை.

இங்கேதான் நம்முடைய பழக்கம் நம்மை ஏமாற்றுகிறது. மாட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு அரைப் பங்கு. கோழி எருவில் நூற்றுக்கு 3 பங்கு அளவுக்கு இருக்கும். ஆறு மடங்கு வித்தியாசம். நமது கைக்குப் பழகிய அளவு மாட்டெருவின் அளவு. அதே கையால் கோழி எருவை அள்ளிப் போடுகிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் கொண்டுவந்த நைத்திரேற்றுச் சட்டத்தின்படி, மாசடையக்கூடிய நிலப்பகுதிகளில் கால்நடை எருவிலிருந்து ஓராண்டில் ஒரு ஹெக்டேயருக்கு 170 கிலோ நைதரசனுக்கு மேல் போடக்கூடாது. அதை நம்முடைய பரப்புக் கணக்குக்கு மாற்றினால் பரப்புக்கு 4.3 கிலோ வருகிறது. மாட்டெருவாகப் போட்டால் 50 கிலோ மூட்டை பதினேழு போடலாம். கோழி எருவாகப் போட்டால் ஏறத்தாழ மூன்று மூட்டையோடு நிறுத்தவேண்டும். அதற்கு மேல் ஒரு பிடி யூரியாவும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயிரின் தேவையைப் பொறுத்தது அது. மூன்று மூட்டையோடு ஒரு கணக்கு முடிந்துவிட்டது என்பதை அறிந்துகொண்டு பிறகு யூரியாவைத் தொடுங்கள் என்கிறேன்.

நம்முடைய முன்னோர் இந்தக் கணக்கெல்லாம் போட்டா விவசாயம் செய்தார்கள் என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்தார்கள். ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் காணியில் அடைத்து, சில இரவுகள் வைத்திருந்து அடுத்த துண்டுக்கு மாற்றினார்கள். குழையிலும் ஓலையிலும் கரிமம் அதிகம், நைதரசன் குறைவு. அவை மக்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணில் மிதக்கிற நைத்திரேற்றையும் தம் உடலுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். ஓலையையும் சாணத்தையும் சேர்த்துத் தாழ்த்தது அறிவான செயல். இன்றைய மண்ணியல் அதை முழுமையாக ஒப்புக்கொள்ளும். ஆனால் அந்தக் காலத்தைப் பொன்னாக்கிப் பேசவும் நான் விரும்பவில்லை. அன்று தண்ணீரை எல்லைக்குள் வைத்திருந்தது அவர்களுடைய அறிவு மட்டுமில்லை, துலாவும்தான். துலா மிதித்து ஒரு மனிதன் இறைக்கக்கூடிய தண்ணீருக்கு ஓர் அளவு இருந்தது. அந்தத் தண்ணீர் நனைக்கக்கூடிய காணிக்கும் ஓர் அளவு இருந்தது. நீர் இறைக்கும் இயந்திரம் வந்தபோது அந்த அளவு உடைந்தது. பாத்தி நிரம்பி வழிய இறைத்தோம். மிதமிஞ்சிய நீர் பசளையையும் கழுவிக்கொண்டு அதே கிணற்றுக்குத் திரும்பியது. மறுநாள் அதே நீரை மறுபடி இறைத்தோம். ஒரே தண்ணீர் தோட்டத்துக்கும் கிணற்றுக்குமாகச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாக நைத்திரேற்றைச் சேர்த்துக்கொண்டது.

இதுவரை நைத்திரேற்றைப் பற்றிப் பேசினேன். அது மெல்லக் கெடுப்பது. எருவில் வேகமாகக் கெடுப்பதும் உண்டு. அதற்கு உங்களில் பலரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்கிற கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்கு உங்களை அழைத்துப்போகிறேன்.

அங்கே வோக்கர்டன் என்று ஒரு சிற்றூர். 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4,800 பேர் வாழ்ந்தார்கள். ஊருக்குக் குழாய்நீர் கொடுத்த கிணறுகளில் ஒன்று ஐந்தாம் இலக்கக் கிணறு. 1978இல் தோண்டியது. தரைக்குக் கீழே 5 முதல் 8 மீற்றர் வரையான ஆழத்திலிருந்து, வெடிப்பு விழுந்த பாறைக்குள்ளிருந்து அதற்குத் தண்ணீர் வந்தது. நம்மூர்க் கிணறுகளை நினைத்துக்கொள்ளுங்கள், பெரிய வித்தியாசமில்லை. கிணற்றைத் தோண்டிய காலத்திலேயே, சுற்றியுள்ள நிலத்தை நகரசபை தன் கைக்குள் எடுத்து ஒரு பாதுகாப்பு வட்டம் ஏற்படுத்துவது நல்லது என்று நிபுணர் அறிக்கை சொல்லியிருந்தது. அது நடக்கவில்லை.

2000 ஏப்ரல் மாதக் கடைசியில் அந்தக் கிணற்றுக்கு அருகேயுள்ள பண்ணையில் மாட்டெரு பரப்பினார்கள். மே 8ஆம் தேதி மழை தொடங்கியது. ஐந்து நாளில் 134 மில்லிமீற்றர்; 12ஆம் தேதி மட்டும் 70 மில்லிமீற்றர். எருவிலிருந்த ஈ-கோலை ஓ157 என்ற கொடிய பற்றீரியாவும் வேறொரு குடற்கிருமியும் மழைநீரோடு பாறை வெடிப்புக்குள் இறங்கி, கிணற்றுக்குள் வந்து, குழாய் வழியே வீடுகளுக்குப் போயின. தண்ணீரில் குளோரின் சரியான அளவில் இருந்திருந்தால் கிருமி செத்திருக்கும். அதைக் கவனிக்கவேண்டியவர்கள் கவனிக்கவில்லை. அளக்காமலே அளந்ததாகப் பதிவேட்டில் எழுதி வந்தார்கள். ஆய்வுகூடத்திலிருந்து தண்ணீர் கெட்டிருக்கிறது என்று முடிவு வந்த பிறகும் அதை மறைத்தார்கள். மே 21ஆம் தேதி பிராந்திய சுகாதார அதிகாரிதான் தாமாகவே தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று ஊருக்கு அறிவித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள். ஏழு பேர் இறந்தார்கள்.

நீதிபதி டெனிஸ் ஓகொனர் தலைமையில் விசாரணை நடந்தது. 2002இல் இரண்டு பகுதிகளாக அறிக்கை வந்தது. பற்றீரியா வந்தது அந்தப் பண்ணையின் எருவிலிருந்துதான் என்று சொன்ன அதே அறிக்கை, அந்தப் பண்ணை விவசாயி முறையான நடைமுறைகளையே பின்பற்றினார், அவர்மேல் குற்றமில்லை என்றும் சொன்னது. விவசாயத்தையும் தண்ணீரையும் பற்றி நான் படித்தவற்றில் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது இந்தத் தீர்ப்புதான்.

அந்த விவசாயி ஊரில் எல்லோரும் செய்ததைத்தான் செய்தார். நல்ல முறையில் செய்தார். ஆனால் அவருடைய நிலத்துக்குக் கீழே என்ன பாறை இருக்கிறது, அந்தப் பாறை வழியே யாருடைய குடிநீர் போகிறது என்பதைப் பொறுத்து அவர் நடந்துகொள்ள எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. எரு போடுவதற்குரிய நல்ல முறை பொதுவானதாக இருந்தால் போதாது. அது அந்த இடத்துக்குரியதாக இருக்கவேண்டும். ஒன்ராறியோ இதை ஏற்றுக்கொண்டது. 2002இல் எருவையும் பசளையையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. 2006இல் குடிநீர் ஊற்றெடுக்கும் இடத்திலேயே பாதுகாக்கும் சட்டம் வந்தது. நகராட்சிக் கிணற்றிலிருந்து நூறு மீற்றருக்குள் எரு போடத் தடை வந்தது.

நூறு மீற்றர்! நம்மூரில் ஒரு கிணற்றைச் சுற்றி நூறு மீற்றர் வட்டம் போட்டால் அதற்குள் இன்னும் எத்தனை கிணறு விழும், எத்தனை பேருடைய தோட்டம் விழும்? வளவுக்கு வளவு கிணறு இருக்கிற நாடு இது. ஆகவே தூரத்தால் தண்ணீரைக் காக்கலாம் என்ற வழி நமக்குப் பெரும்பாலும் அடைபட்ட வழி. நமக்கு மிஞ்சியிருப்பவை அளவும் காலமும். வெளிநாட்டு விதியைப் பெயர்த்து இங்கே நட்டால் முளைக்காது என்று நான் சொல்வதன் காரணம் இதுதான். அவர்கள் எதற்காக விதி செய்தார்கள் என்பதை எடுத்துக்கொண்டு, அதற்கு நம்முடைய நிலத்தில் என்ன செய்யலாம் என்று நாம்தான் யோசிக்கவேண்டும்.

காலத்தைப் பற்றி இன்னொரு நாட்டின் அனுபவத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014 ஓகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் நாலு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் மூன்று நாள் குழாய்நீரைத் தொடமுடியாமல் இருந்தார்கள். வயல்களிலிருந்து கழுவுண்டு போன பொசுபரசு எரீ ஏரியில் பாசியைப் பெருக்கி, பாசி நஞ்சைச் சுரந்தது. அடுத்த ஆண்டே ஒஹாயோ மாநிலம் அந்த ஏரியின் மேற்குப் பக்க வடிநிலத்துக்கு ஒரு சட்டம் செய்தது. நிலம் தண்ணீரில் ஊறிக் கிடக்கும்போது எரு பரப்பக்கூடாது. அடுத்த 24 மணி நேரத்தில் அரை அங்குலத்துக்கு மேல் மழை பெய்ய அரைவாசிக்கு மேல் வாய்ப்பு இருப்பதாக வானிலை அறிக்கை சொன்னால் எரு பரப்பக்கூடாது. வானிலை அறிக்கையைப் பார்த்து எரு போடு என்று சட்டமே சொல்கிறது. சுண்ணக்கல் மண் பொசுபரசை ஓரளவு கட்டிப்போட்டுவிடும் என்பதால் நம் கிணறுகளுக்கு அதனால் வரும் கவலை குறைவு. குளங்களை வைத்திருக்கிற வன்னிக்கு அந்தக் கவலை நிறைய உண்டு.

சரி, நாம் என்ன செய்வது?

மாரிக்கு முன் வெற்று நிலத்தில் பச்சை எருவைப் பரப்பிவிட்டு மழைக்காகக் காத்திருக்கிற வழக்கத்தை விட்டுவிடவேண்டும். பயிர் வேர்விட்டு வளர்கிற காலத்தை ஒட்டி, பங்கு பங்காகப் பிரித்துப் போடவேண்டும். மாரியில் நிலத்தைச் சும்மா விடாமல் குரக்கனோ சோளமோ விதைத்தால், அவற்றின் வேர்கள் இறங்குகிற நைத்திரேற்றை மறித்துப் பிடிக்கும். அந்தத் தண்டை மண்ணில் மடக்கி உழுதால் அதே நைதரசன் அடுத்த பயிருக்குத் திரும்பக் கிடைக்கும்.

கோழி எருவைப் பச்சையாகப் போடாதீர்கள். வைக்கோல், சருகு, பனையோலை என்று கரிமம் நிறைந்தவற்றோடு அடுக்கிக் கூட்டெருவாக்குங்கள். குவியலின் நடுவில் வெப்பம் 55 பாகைக்கு மேல் ஏறி, பல நாள் நிற்கவேண்டும். பிரட்டிவிட்டு மறுபடி ஏறவேண்டும். வோக்கர்டனில் ஆட்களைக் கொன்ற வகைக் கிருமிகள் அந்தச் சூட்டில் சாகும். நைதரசனும் நுண்ணுயிர்களின் உடலோடு கட்டுண்டு, மெல்ல வெளிவரும் நிலைக்கு வரும். எருக்குவியலைக் கிணற்றடியில் வைக்கிற வழக்கம் பல வளவுகளில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முதல் ஒழிக்கவேண்டியது அதுதான். சீமெந்துத் தரையில், மழை படாமல் மூடி, கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கமுடியுமோ அவ்வளவு தள்ளி வைக்கவேண்டும். குவியலிலிருந்து கசிகிற கறுப்புத் தண்ணீர் தோட்டம் முழுவதும் பரப்பிய எருவைவிடச் செறிவானது. அதுவும் ஒரே இடத்தில் இறங்குவது.

இன்னொன்று, இது பலர் யோசிக்காதது. கிணற்றில் ஏற்கெனவே இருக்கிற நைத்திரேற்றும் பசளைதான். லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று இருக்கிற கிணற்றிலிருந்து, ஒரு வெங்காயப் போகத்துக்கு ஒரு பரப்புக்கு ஒரு இலட்சம் லீற்றர் இறைக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்தத் தண்ணீரோடு ஒரு கிலோவுக்கு மேல் நைதரசன் தோட்டத்துக்கு வந்துவிடுகிறது. ஏறத்தாழ இரண்டரைக் கிலோ யூரியாவுக்கு அது சமம். அவ்வளவு யூரியாவை அந்தப் பரப்பில் குறைக்கலாம். பயிர் கிணற்றைச் சுத்தம் செய்யும், கைச்செலவும் குறையும். இதற்குத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கவேண்டும், பாத்தி வழிய இறைக்காமல் சொட்டாகவோ தூவலாகவோ அளந்து இறைக்கவும் வேண்டும்.

இத்தனையும் விவசாயி தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. கூட்டெரு செய்ய இடம் வேண்டும், ஆள் வேண்டும், சீமெந்துத் தரைக்குப் பணம் வேண்டும். வெங்காயத்தின் விலை அவன் கையில் இல்லை. தண்ணீர் எல்லோருக்கும் பொது என்றால் அதைக் காக்கிற செலவும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவேண்டும். எருவின் சத்தளவை ஊர்தோறும் சோதித்துச் சொல்லும் வசதியும், கிணற்று நீரைக் கட்டணமின்றி ஆண்டுக்கு இருமுறை சோதிக்கும் வசதியும் அரசு தரவேண்டியவை. தோட்டக்காரனிடம் எருவைக் குறை என்று சொல்லிவிட்டு, நெருக்கமான வளவுகளில் கிணற்றை ஒட்டி மலக்குழி வெட்ட அனுமதிப்பது நேர்மையாகாது. மலக்குழிக்கு மாற்றாக ஒழுங்கான கழிவுநீர் அமைப்பு இல்லாமல் இந்தத் தண்ணீரை முழுமையாக மீட்கவும் முடியாது.

ஆனால் அரசு வரும்வரை காத்திருக்க முடியாத ஒன்று உண்டு. இங்கே இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிணறு இருக்கிறது. அதன் எல்லை கட்டோடு முடிவதில்லை. பக்கத்துத் தோட்டம் வரைக்கும், அதற்கும் அப்பால் வரைக்கும் போகிறது. உங்கள் எரு யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தையின் பால்மாவில் கரைகிறது. இன்னொருவரின் எரு உங்கள் வீட்டுக் குழந்தையின் பால்மாவில் கரைகிறது. ஆகவே கேட்டுக்கொள்கிறேன்: இந்த மாரி தொடங்குவதற்கு முன் ஒருமுறையும், மாரி முடிந்து தை மாதத்தில் ஒருமுறையும் உங்கள் கிணற்று நீரை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்து நைத்திரேற்றின் அளவைப் பாருங்கள். இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள். பக்கத்து வளவுக்காரரிடமும் அவருடைய எண்களைக் கேளுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் எண் 50ஐத் தாண்டியிருந்தால், பால்மா கரைக்க அந்தத் தண்ணீரை அன்றே நிறுத்துங்கள். அடுத்த போகத்துக்கு எத்தனை மூட்டை எரு என்று முடிவு செய்யும்போது அந்த இரண்டு எண்களையும் முன்னால் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.